ஒன்றரை மில்லிமீட்டர் நகரும் சென்சார்: பென்டாக்ஸ் கே-1 மார்க் 2, கட்டடப் படம் எடுப்பவன் அனுபவம்

குதுப் மினார் 72.5 மீட்டர் உயரம். 24 மி.மீ. லென்ஸை மாட்டி, கேமராவை நெட்டுவாக்கில் திருப்பி, ரசமட்டம் வைத்தது போலச் சாயாமல் பிடித்து, அந்த மினாரை அடி முதல் நுனி வரை ஒரே படத்தில் அடக்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 94 மீட்டர் பின்னால் போய் நிற்க வேண்டும். கேமராவின் மூக்கைக் கொஞ்சம் மேலே தூக்கினால் கிட்டே வரலாம், ஆனால் தூக்கிய உடனே மினார் பின்பக்கம் சாய ஆரம்பிக்கும், பக்கத்துச் சுவர்களும் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கும். பென்டாக்ஸ் கே-1 மார்க் 2 கேமராவில், படத்தைப் பதிவு செய்யும் சென்சாரையே ஒன்றரை மில்லிமீட்டர் நகர்த்தி வைக்கலாம். அப்படி வைத்தால் 87 மீட்டரில் நின்றே அதே படத்தை நேராக எடுக்கலாம். மிச்சம் ஏழு மீட்டர். நான் நின்ற இடத்தில் அந்த ஏழு மீட்டருக்குள் ஒரு வேப்பமரக் கிளை தொங்கியது, முன்னால் வந்து நின்றதும் அது என் தலைக்குப் பின்னால் போய்விட்டது.

டெல்லியில் ஆர்க்கிடெக்ட்களுக்குப் படம் எடுத்துக் கொடுப்பதுதான் என் தொழில். லீவு கிடைத்தால் மலைப்பக்கம் போய்விடுவேன். இந்தக் கேமராவைப் பழசாக வாங்கி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. 2018-ல் வந்த மாடல், கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர், 36 மெகாபிக்சல், பேட்டரி கார்டு எல்லாம் போட்டால் ஒரு கிலோவுக்கு மேல் எடை. எல்லாரும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்குப் போன பிறகு இதை ஏன் வாங்கினாய் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒரே காரணம், இதன் சென்சார் செய்யும் வேலைகள்.

சென்சார் இதில் திருகாணி போட்டு இறுக்கப்பட்டதில்லை. காந்த விசையில் ஒரு தட்டு மேல் மிதக்கிறது, மேலே கீழே, இடம் வலம் நகரும், சுழலவும் செய்யும். கை நடுக்கத்தைச் சமாளிக்கத்தான் முதலில் இந்த ஏற்பாடு. இப்போது பல கேமராக்களில் இது உண்டு. பென்டாக்ஸ்காரர்கள் என்ன செய்தார்கள் என்றால், நகரும் சென்சார் கையில் இருக்கிறதே, இதை வைத்து வேறு என்னென்ன செய்யலாம் என்று யோசித்து ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். சாய்வைத் திருத்துவது, ஃப்ரேமை நகர்த்துவது, ஒரு பிக்சல் தள்ளித் தள்ளி நாலு படம் எடுத்துச் சேர்ப்பது, நட்சத்திரத்தைப் பின்தொடர்வது எல்லாமே அந்த ஒரே தட்டு செய்கிற வேலைதான்.

விளம்பரத்தில் பெரிதாக வருவது அந்த நாலு படம் சேர்க்கும் பிக்சல் ஷிஃப்ட். எனக்குத் தினமும் சோறு போடுவது ஃப்ரேமை நகர்த்தும் காம்போசிஷன் அட்ஜஸ்ட்மென்ட் என்ற சின்ன மெனு.

பின்பக்கத் திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் அதைத் திறந்தால் நாலு பக்க பட்டனை அழுத்தி அழுத்தி சென்சாரை நகர்த்தலாம், பின்னால் இருக்கும் டயலைத் திருப்பினால் சென்சார் சுழலும். நகர்வு எந்தப் பக்கமும் அதிகபட்சம் 1.5 மி.மீ., சுழற்சி 1 டிகிரி. சுழற்றினால் நகர்வு 1 மி.மீ.க்குச் சுருங்கிவிடும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் ஒருவர் பல வருடமாக நிக்கான் 24 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸ் (லென்ஸே பக்கவாட்டில், மேலே கீழே நகரும் வகை) வைத்திருப்பவர், இதைக் கேட்டதும், "தம்பி, என் லென்ஸ் பதினொன்றரை மில்லிமீட்டர் போகுது, நீ ஒன்றரையை வெச்சு என்ன பண்ணப் போற?" என்றார். கேள்வி சரிதான். 20 மீட்டர் தள்ளி இருக்கும் கட்டடத்தில் 24 மி.மீ. லென்ஸோடு இந்த ஒன்றரை மி.மீ. கூடுதலாகக் காட்டுவது ஒன்றேகால் மீட்டர் உயரம்தான். அவருடைய லென்ஸ் ஒன்பதரை மீட்டர் காட்டும், அதாவது முழுசாக மூன்று மாடி.

ஆனால் அந்த ஒன்றேகால் மீட்டரில் ஒரு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் அடங்கும். மேலே வானத்துக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைக்கும், இல்லை கீழே பார்க் செய்த காரின் கூரையை வெட்டிவிடலாம். நான் எடுக்கும் படங்களில் பாதிக்கு மேல் இந்த மாதிரிச் சின்னத் திருத்தம்தான் தேவைப்படுகிறது, மூன்று மாடி தேவைப்படுவது எப்போதாவது. அதோடு இது எந்த லென்ஸுக்கும் வேலை செய்கிறது, 15-30 ஜூமுக்கும் சரி, அப்பா காலத்து 50 மி.மீ.க்கும் சரி. கம்ப்யூட்டரில் நேராக்கிக்கொள்ளலாமே என்பார்கள். நானும் செய்திருக்கிறேன். மேல்பக்கத்தை இழுத்து அகலமாக்கும்போது அங்கே இருக்கும் விவரம்தான் நீர்த்துப்போகிறது, இரண்டு ஓரத்திலும் முக்கோணமாக வெட்டுப்பட்டும் போகிறது, ஜன்னல்கள் கொஞ்சம் குண்டாகவோ ஒல்லியாகவோ தெரிய ஆரம்பிக்கும். அந்த ஜன்னலை வரைந்த ஆர்க்கிடெக்ட் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்.

ஒரு விஷயத்தில் புதிதாக வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். சென்சாரை நகர்த்தினால் பார்வைக் கோணம் மாறாது. நடைபாதையின் நடுக்கோடும் தூரத்துக் குவிமாடத்தின் கலசமும் ஒரே நேரில் வரவில்லை என்றால், கால்தான் நகர வேண்டும், எந்த மெனுவும் உதவாது. நடுக்கோட்டில் சரியாக நின்றுவிட்டீர்கள், கேமரா சுவருக்கு இணையாக இருக்கிறது, ஆனால் ஃப்ரேமில் கட்டடம் ஒரு நூல் இடப்பக்கம் தள்ளியிருக்கிறது என்ற நிலையில்தான் இது கை கொடுக்கும். அந்த நேரத்தில் கேமராவைத் திருப்பினால் சுவரின் கிடைக்கோடுகள் ஒரு பக்கமாகச் சரியும், சென்சாரை நகர்த்தினால் சரியாது.

இன்னொன்று, வ்யூஃபைண்டர் வழியாகப் பார்த்தால் இந்த நகர்வு எதுவுமே தெரியாது. டிஎஸ்எல்ஆர் அல்லவா, கண்ணாடி காட்டுவது லென்ஸ் பார்ப்பதை, சென்சார் எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. முதல் மாதம் இதை மறந்து, நகர்த்தி வைத்த சென்சாரோடு வ்யூஃபைண்டரில் ஃப்ரேம் கட்டி, ஒரு பள்ளிக் கட்டடத்தின் கொடிக்கம்ப நுனியை வெட்டிவிட்டேன். இப்போது அதைத் தொட்டால் லைவ் வியூ மட்டும்தான். ஓரத்துக்குத் தள்ளும்போது மூலைகளையும் பெரிதாக்கிப் பார்ப்பது நல்லது, சில ஜூம்களில் மூலை மங்கலாகும்.

சாய்வைத் தானே திருத்தும் ஆட்டோ ஹொரைஸன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இது இல்லாத கேமராவைக் கையில் எடுத்தால் எனக்கு இப்போது தூக்குக்குண்டு இல்லாமல் சுவர் கட்டுகிற மாதிரி இருக்கிறது. கேமரா 1 டிகிரி சாய்ந்தால் 36 மெகாபிக்சல் படத்தில் இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் 128 பிக்சல் ஏற்ற இறக்கம் வரும். அதை எடுக்கும்போதே சென்சார் சுழன்று சரி செய்துவிடுகிறது. நடுக்கத் தடுப்பு ஓடும்போது 1 டிகிரி வரை, அதை அணைத்தால் 2 டிகிரி வரை.

டெல்லியில் இதன் மதிப்பு வேறு மாதிரி. தொல்லியல் துறை நினைவுச்சின்னங்களில் ட்ரைபாடுக்கு (முக்காலி ஸ்டாண்ட்) முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஹுமாயூன் கல்லறைக்கு ஜனவரியில் ஒரு நாள் விடியற்காலை போனேன். பனி இன்னும் புல்லை விட்டு எழவில்லை, வாசலில் காவலர் என் பையைப் பார்த்து "ஸ்டாண்ட் அந்தர் நஹீ ஜாயேகா பாய்" என்றார். ட்ரைபாடை வைத்துவிட்டுக் கையில் பிடித்தே எடுத்தேன். நீர் ஓடையின் நடுவில் கால்களை அகட்டி நின்று, கேமராவை மார்போடு அணைத்து, திரையை வெளியே இழுத்துக்கொண்டேன். நாலு கம்பி மேல் நிற்கும் அந்தத் திரை எல்லாப் பக்கமும் சாயும். சென்சாரை அரை மில்லிமீட்டர் உயர்த்தி வைத்து, சாய்வை கேமராவே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். வளைவின் இரண்டு தோள்களிலும் வெள்ளைப் பளிங்கில் பதித்த ஆறு முனை நட்சத்திரங்கள் உண்டு. வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தபோது இடப்பக்க நட்சத்திரத்துக்கும் வலப்பக்க நட்சத்திரத்துக்கும் மூன்று பிக்சல்தான் வித்தியாசம். கையில் பிடித்து எடுத்த படத்தில் இப்படி வந்ததை நான் வேறு கேமராவில் பார்த்ததில்லை.

சரி, பிக்சல் ஷிஃப்டுக்கு வருவோம். சாதாரண சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் ஒரே நிறத்தைத்தான் பார்க்கும். பாதிப் புள்ளிகள் பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். மீதி இரண்டு நிறத்தையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கேமரா ஊகிக்கிறது. பிக்சல் ஷிஃப்டில் சென்சார் ஒவ்வொரு புள்ளி அளவு நகர்ந்து நாலு படம் எடுக்கும். நகர்வது சுமார் 4.9 மைக்ரான், தலைமுடியின் பருமனில் பதினைந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலும் சேர்ந்தால் எல்லாப் புள்ளியும் எல்லா நிறத்தையும் நேராகப் பார்த்தாகிவிட்டது, ஊகம் கிடையாது. படம் பெரிதாகாது, அதே 36 மெகாபிக்சல்தான், ஃபைல் மட்டும் நாலு மடங்கு.

அளவு கூடாதபோது என்ன லாபம் என்று நானும் நினைத்திருந்தேன். பழைய டெல்லியில் ஒரு ஹவேலியை, அதாவது முற்றம் வைத்த பழைய மாளிகையை, பழுது பார்க்கும் வேலை, தஞ்சாவூர்க்கார ஆர்க்கிடெக்ட் அக்கா ஒருவர் கூப்பிட்டிருந்தார், தனியார் இடம் என்பதால் ட்ரைபாட் தடையில்லை. முற்றத்து வாசல் வளைவில் மணற்கல்லில் செதுக்கிய மயில்கள். ஒரு மயிலை முதலில் சாதாரணமாக எடுத்தேன், அப்புறம் பிக்சல் ஷிஃப்ட். இரண்டையும் பெரிதாக்கி வைத்தபோது தோகையின் பள்ளங்களில், ஊசி முனை அகலம்கூட இல்லாத கோடுகளில், பச்சை தெரிந்தது. சாதாரணப் படத்தில் அந்த இடம் அழுக்குச் சாம்பல். அக்கா மடிக்கணினியை இழுத்து வைத்துப் பார்த்து, "இது பெயின்ட் தம்பி, பழைய பெயின்ட், இந்த மயிலுக்கு வர்ணம் பூசியிருந்திருக்காங்க" என்று சொல்லி, டார்ச்சை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டார். ஏணியில் நின்று கல்லைத் தடவிப் பார்த்து அதே பள்ளங்களைக் காட்டினார். அன்று பகல் முழுக்க இருபத்திரண்டு மயிலையும் பிக்சல் ஷிஃப்டில் எடுத்தோம், ஒன்பதில் வர்ணம் இருந்தது. துணி, செங்கல், ஜாலி எனும் கல் சல்லடை ஜன்னல், செதுக்கிய கல் மாதிரி நுண்ணிய நெசவு உள்ள எதையும் எடுப்பவர்களுக்கு இதை மனதாரச் சொல்வேன்.

ஆனால் இது நோஞ்சான் பிள்ளை மாதிரி, காற்றுப் பட்டால் போதும். நாலு படத்துக்கு நடுவில் எது அசைந்தாலும் அந்த இடத்தில் வலை பின்னின மாதிரி ஒரு கோலம் விழும். மயூர் விஹாரில் என் வீட்டு மொட்டைமாடியிலிருந்து மெட்ரோவின் நீலத் தடம் தெரியும். தூணின் மேல் ஓடும் தடம், ரயில் போகும்போது நமக்கு ஒன்றும் தெரியாது, சென்சாருக்குத் தெரிகிறது. ரயில் போன நேரத்தில் எடுத்த படம் ஒன்றுகூடத் தேறவில்லை, இரண்டு ரயிலுக்கு நடுவில் எடுத்ததெல்லாம் சுத்தமாக இருந்தது. உள்ளறைகளில் எல்இடி விளக்கு இன்னொரு எதிரி. விளக்கு துடிக்கும் வேகத்தால் நாலு படத்துக்கும் வெளிச்சம் வேறு வேறாகி விடும். நான் ஐஎஸ்ஓவைக் குறைத்து, எஃப் 8-ல் வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் அரை விநாடியோ ஒரு விநாடியோ கொடுத்துவிடுகிறேன், துடிப்பு சராசரியாகிப் பிரச்சினை போய்விடுகிறது. அசைவைத் திருத்தும் வசதி கேமராவிலேயே உண்டு, ஆனால் ரா தெரபீ என்ற இலவச மென்பொருள் அதைவிட நன்றாகச் செய்கிறது. எங்கே அசைவு என்று தானே கண்டுபிடித்து, அந்த இடத்துக்கு மட்டும் ஒரே படத்தை எடுத்துக்கொள்ளும். மரமும் கட்டடமும் சேர்ந்த படங்களை அதில்தான் காப்பாற்றுகிறேன்.

மார்க் 2-வில் கையில் பிடித்தே எடுக்கும் டைனமிக் பிக்சல் ஷிஃப்ட் ஒன்று சேர்த்தார்கள். வாங்கும்போது இதன் மேல்தான் எனக்கு ஆசை அதிகம், ட்ரைபாட் தடை உள்ள ஊராயிற்றே. ஏமாற்றம்தான். கேமரா படத்தைச் சேர்த்து முடிக்கக் காத்திருக்க வேண்டும், கிடைக்கும் தெளிவும் கொஞ்சம்தான். இதற்காக மார்க் 2-வைத் தேடாதீர்கள், 2016-ல் வந்த பழைய கே-1 கிடைத்தாலும் நான் மேலே சொன்ன மற்றதெல்லாம் அதில் இருக்கிறது.

படத்தின் அளவே பெரிதாக வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கேமரா கிடையாது. ஒலிம்பஸ் 2015-லேயே இ-எம்5 மார்க் 2-வில் 16 மெகாபிக்சல் சென்சாரை அரைப் பிக்சல் நகர்த்தி எட்டுப் படம் சேர்த்து 40 ஆக்கியது, பிற்பாடு 2019-ல் இ-எம்1எக்ஸில் கையில் பிடித்தே 50 வந்தது. அந்த வகையில் அவர்கள் வேலை உண்மையிலேயே அருமை, கேமராவே சேர்த்துக் கொடுத்துவிடும். சோனி ஏ7ஆர் 4 பதினாறு படம் எடுத்து 240 மெகாபிக்சல் தரும், கம்ப்யூட்டரில்தான் சேர்க்க முடியும், ஒரு கட்டடத்துக்குச் சுமார் இரண்டு ஜிபி. பானசோனிக் எஸ்1ஆர் 187-ஐ கேமராவுக்குள்ளேயே செய்கிறது. ஃபுஜி ஜிஎஃப்எக்ஸ் 100-ல் 400 மெகாபிக்சல், நண்பர் ஒருவர் வாடகைக்கு எடுத்தபோது பார்த்தேன், சுவரளவு பிரின்ட் போடுபவர்களுக்குச் சரி. கட்டடக்காரனான எனக்கு வேண்டிய ஃப்ரேம் நகர்த்தும் மெனுவை நான் கையில் எடுத்துப் பார்த்த வேறு பிராண்ட் கேமரா எதிலும் காணவில்லை. அத்தனை பேரிடமும் நகரும் சென்சார் இருக்கிறது, ஒன்றரை மில்லிமீட்டரை நம் கையில் கொடுக்க ஏன் மனம் வரவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நிலக்காட்சிக்கு வந்தால் கதை மாறும். கௌசானியில் ஒரு நவம்பர் காலை திரிசூலமும் நந்தா தேவியும் கண்ணாடி போலத் தெரிந்தன. காற்றே இல்லை, ட்ரைபாடும் கனமானது. நாலு படம் சேர்த்ததில் பக்கத்துத் தேவதாரு அற்புதமாக வந்தது, மலை மட்டும் சாதாரணப் படத்தைவிடக் கொஞ்சமும் மேலாக இல்லை. இவ்வளவு தூரக் காற்றில் வெப்பம் அலை அலையாக எழும், ஒவ்வொரு படத்திலும் மலை ஒரு மயிரிழை வேறு இடத்தில் இருக்கும். தூரத்து மலைக்குப் பிக்சல் ஷிஃப்ட் எதிர்பார்க்காதீர்கள். பாறை, பக்கத்துச் சரிவு, மழை ஓய்ந்த ஈர மண் இதற்கெல்லாம் நன்றாக இருக்கிறது.

இரவில் அஸ்ட்ரோட்ரேசர். உள்ளே இருக்கும் ஜிபிஎஸ்ஸும் திசைகாட்டியும் சொல்வதை வைத்து, பூமி சுழலும் வேகத்துக்குச் சென்சார் நகர்ந்து நட்சத்திரத்தைப் புள்ளியாகவே பிடித்து வைக்கும். நட்சத்திரம் நிற்கும், மலை இழுபடும், ஆகவே மலைக்குத் தனியாக ஒரு படம் எடுத்துச் சேர்க்க வேண்டும். இருட்டில் வேலை செய்யும்போது லென்ஸ் மாட்டும் இடம், கார்டு செருகும் இடம் இங்கெல்லாம் குட்டி எல்இடி விளக்குகள் எரிவது நினைத்துப் பார்த்துச் செய்த வசதி, கையுறை போட்ட கையோடு கார்டு மாற்றும்போது நன்றியாகவே இருந்தது.

குறைகளில் பெரியது லென்ஸ். புதிதாக வாங்கக் கிடைக்கும் அகல லென்ஸ்கள் மிகக் குறைவு, 15-30 ஒரு கிலோ எடை, முன் கண்ணாடி புடைத்திருப்பதால் ஃபில்டரும் போட முடியாது. பழைய பென்டாக்ஸ் 28 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸ் ஒன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன், அதோடு சென்சார் நகர்வும் சேர்ந்தால் நல்ல துணையாக இருக்கும்.

பழசாக வாங்கப் போகிறீர்கள் என்றால் என் முதல் அனுபவத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள். சாந்தினி சவுக்கின் குச்சா சவுத்ரி பக்கம் ஒரு கடையில் முதலில் வாங்கிய கே-1-ல் எல்லாம் வேலை செய்தது, ரசமட்டக் கோடு பச்சையாக இருந்தது, ஆனால் எடுத்த கட்டடம் எல்லாம் வலப்பக்கம் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாகச் சாய்ந்தது. மூன்று நாள் என் கையைச் சந்தேகப்பட்டேன். சென்சார் தட்டே கோணலாக உட்கார்ந்திருந்தது, கீழே விழுந்த கேமராவாக இருக்கலாம். கடைக்காரர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, மூன்று முறை நடந்த பிறகுதான் பணத்தில் பெரும்பகுதி திரும்பி வந்தது. இரண்டாவதை வேறு இடத்தில் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் கீழே வாங்கினேன், இந்த முறை சோதனை செய்துவிட்டுத்தான் பணத்தை எடுத்தேன்.

அணைந்த கேமராவை லேசாக ஆட்டினால் உள்ளே கட என்று ஒரு சத்தம் வரும், அது மிதக்கும் சென்சார், பயப்பட வேண்டாம். ஆன் செய்து, ஆட்டோ ஹொரைஸனை அணைத்து, கடை வாசல் ஷட்டர் சட்டத்துக்கு நேரே வைத்து, மட்டக்கோடு பச்சையாக இருக்கும்போது ஒரு படம் எடுங்கள், சட்டம் சாய்ந்திருக்கிறதா பாருங்கள். காம்போசிஷன் அட்ஜஸ்ட்மென்டில் நாலு ஓரத்துக்கும் தள்ளி ஒவ்வொரு படம், நகர்வு எல்லாப் பக்கமும் ஒரே அளவா என்று பாருங்கள். அப்புறம் சுவரில் ஒரு செய்தித்தாளை ஒட்டச் சொல்லி, கவுன்டர் மேல் கேமராவை வைத்து, இரண்டு விநாடி டைமரில் ஒரு பிக்சல் ஷிஃப்ட். டைமர் வைத்தால் நடுக்கத் தடுப்பு தானே அணைந்துவிடும். எழுத்துகளின் ஓரத்தில் வலைக்கோலம் விழாமல் இருந்தால் தட்டு நன்றாக இருக்கிறது. கடைக்காரர் அவசரப்படுத்துவார், படுத்தட்டும், பத்து நிமிட வேலைதான்.